ஆறு தேக்கரண்டி

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் ஊர் மில்வாக்கி. அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனையின் இதயப் பிரிவு 2000-ஆம் ஆண்டில் ஒரு புது வழக்கத்தைத் தொடங்கியது. இதயத்தில் வேலை செய்யும் கீழறை ஒன்று மட்டுமே கொண்டு பிறந்து, முதல் அறுவை சிகிச்சையைத் தாண்டி வீட்டுக்குப் போகும் குழந்தைகளின் பெற்றோரிடம் இரண்டு கருவிகளைக் கொடுத்தனுப்பினார்கள். ஒன்று, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர். இன்னொன்று, குழந்தையை எடைபோடும் டிஜிட்டல் தராசு. தினமும் இரண்டையும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். எடை ஒரே நாளில் 30 கிராமுக்கு மேல் இறங்கினாலோ, மூன்று நாளில் 20 கிராம்கூட ஏறாவிட்டாலோ, ஆக்சிஜன் 70 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே போன் செய்ய வேண்டும்.

30 கிராம் நீர் என்பது 30 மில்லி. சிறிய தேக்கரண்டியில் ஆறு.

நான்சி கனாயெம், ஜேம்ஸ் ட்வெடெல் உள்ளிட்ட அந்தக் குழு 2003-இல் தன் முடிவுகளை வெளியிட்டது. பழைய முறையில், முதல் அறுவைக்கும் இரண்டாம் அறுவைக்கும் நடுவே ஏறத்தாழ 16 சதவீதக் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தார்கள். தராசோடு வீட்டுக்குப் போன முதல் தொகுதியில் ஒரு குழந்தையும் இறக்கவில்லை. தொகுதி சிறியதுதான். ஆனாலும் அடுத்து வந்த ஆண்டுகளில் அமெரிக்காவின் பல இதய மையங்கள் இந்த வழக்கத்துக்கு மாறின. இதில் புது மருந்து எதுவும் கிடையாது, புது அறுவை நுட்பமும் கிடையாது. குழந்தையின் உடம்பில் நீர் ஏறுவதையும் இறங்குவதையும் அன்றன்றே பார்க்கிற ஒருவர் வீட்டில் இருந்தார், அவ்வளவுதான். நலிந்த குழந்தையை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களிடம் நான் சொல்ல விரும்புவதன் மையம் இதுவே: உங்கள் கையிலுள்ள கரண்டியும் தராசும் குழந்தை நனைத்த துணியும் மருத்துவக் கருவிகள். அவற்றால் நீங்கள் அளந்து சொல்வதை மருத்துவர் வேறு எங்கிருந்தும் பெற முடியாது.

ஆறு தேக்கரண்டி ஏன் அவ்வளவு பெரிய விஷயம்?

பிறந்த குழந்தையின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். குறைமாதக் குழந்தைக்கு அது 80 சதவீதத்தையும் தாண்டும். வளர்ந்த ஆணுக்கு 60. குழந்தையிடம் நீர் தாராளமாக இருக்கிறதே, கொஞ்சம் குறைந்தால் என்ன என்று தோன்றலாம். நிலைமை நேர்மாறானது. பெரியவர் உடலில் நீரின் பெரும்பகுதி உயிரணுக்களுக்குள்ளே பத்திரமாக இருக்கிறது. பிறந்த குழந்தையிடமோ பாதிக்கு மேல் உயிரணுக்களுக்கு வெளியே, இரத்தத்திலும் திசுக்களின் இடைவெளியிலும் இருக்கிறது. பேதியிலும் வாந்தியிலும் முதலில் போவது அந்த வெளிநீர்தான். உடலியல் நூல்களின் பழைய கணக்கு ஒன்று உண்டு: கைக்குழந்தை தன் வெளிநீரில் ஏறத்தாழ பாதியை ஒவ்வொரு நாளும் வெளியேற்றி, மறுபடி நிரப்பிக்கொள்கிறது, பெரியவர் ஏழில் ஒரு பங்கைத்தான் அப்படி மாற்றுகிறார். வரத்து நின்றால் ஏரிக்கு முந்திக் குட்டை வற்றுவதுபோல, பால் குடிப்பது நின்றதும் வீட்டிலேயே முதலில் வற்றுவது குழந்தை.

எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல்பரப்பு பெரியவருடையதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அதன் வழியே நீர் ஓயாமல் ஆவியாகிறது. நிமிடத்துக்கு 30 முதல் 60 வரை மூச்சு; ஒவ்வொரு மூச்சும் கொஞ்சம் ஈரத்தை எடுத்துக்கொண்டு போகிறது. காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் உடலின் எரிப்பு வேகம் பத்து சதவீதத்துக்கு மேல் கூடும், நீர்த்தேவையும் கூடவே ஏறும். பெரியவரின் சிறுநீரகம் தண்ணீர் குறைந்த நாளில் சிறுநீரைக் கெட்டியாக்கி நீரை மிச்சம் பிடிக்கும். பிறந்த குழந்தையின் சிறுநீரகத்தால் அதில் பாதி அளவுக்குத்தான் கெட்டியாக்க முடியும். அதாவது, கஷ்டகாலத்திலும் அது செலவைக் குறைக்கத் தெரியாத சிறுநீரகம்.

மால்கம் ஹாலிடே, வில்லியம் சீகர் என்ற இருவர் 1957-இல் வகுத்த கணக்கை இன்றும் குழந்தை மருத்துவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். முதல் 10 கிலோவுக்கு, கிலோவுக்கு 100 மில்லி வீதம் ஒரு நாளைக்கு. நாலு கிலோக் குழந்தைக்கு 400 மில்லி. இது படுக்கையில் கிடக்கும் நோயாளிக் குழந்தைக்கு ஏற்றும் நீருக்கான கணக்கு. பால் குடித்து வளரும் குழந்தை கிலோவுக்கு 150 மில்லி வரை குடிக்கும். அதே நாலு கிலோக் குழந்தை 400 மில்லியை இழந்தால் எடையில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். அது உயிருக்கு ஆபத்தான நிலை. ஒரு நடுத்தரச் செம்பு நீர் அவ்வளவுதான்.

சாதாரணக் குழந்தைக்கே இப்படி. மில்வாக்கியின் குழந்தைகளுக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. அவர்களுடைய நுரையீரலுக்குப் போகும் இரத்தம், அறுவையில் பொருத்திய மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள செயற்கைக் குழாய் வழியாகப் போகிறது. 1944-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆல்ஃபிரட் பிளாலாக், ஹெலன் டௌசிக், விவியன் தாமஸ் மூவரும் உருவாக்கிய இணைப்பின் வழித்தோன்றல் அது. (ஆய்வுக்கூடத்தில் அந்த அறுவையை வடிவமைத்த தாமஸ் கறுப்பினத்தவர், மருத்துவப் பட்டம் இல்லாதவர்; அவர் பெயர் நெடுங்காலம் விடுபட்டே இருந்தது.) உடலில் நீர் குறைந்தால் இரத்தம் கெட்டிப்படும். கெட்டிப்பட்ட இரத்தம் அந்தச் சிறு குழாயில் உறைந்தால் நுரையீரலுக்கு இரத்தமே இல்லை. அண்ணனுக்கோ அக்காவுக்கோ இரண்டு நாள் பேதியாக வந்து போகும் கிருமி, இந்தக் குழந்தையை ஒரே இரவில் கொன்றுவிடலாம். நீலம் பாரித்துப் பிறக்கும் ஃபாலட் வகை இதயநோய்க் குழந்தைகளுக்கும் இதே அச்சம் உண்டு. ஆக்சிஜன் பற்றாமல் சிவப்பணுக்கள் பெருகி இரத்தம் ஏற்கெனவே தடித்திருக்கும். நீரும் குறைந்தால் மூளையில் உறைகட்டி ஏற்படலாம்.

இதயத்தில் பெரிய ஓட்டை இருக்கும் குழந்தைக்கு ஆபத்து இரண்டு பக்கமும். நுரையீரலில் நீர் தேங்காமலிருக்க ஃப்ரூசமைடு போன்ற நீர் பிரிக்கும் மருந்து தருகிறார்கள். குடிக்கும் அளவுக்கும் வரம்பு வைக்கிறார்கள். பால் குடிக்கையில் நெற்றி வியர்த்து, பாதியில் களைத்து விட்டுவிடும் குழந்தை அது. பேதி தொடங்கிய நாளிலும் அந்த மருந்து தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மருந்தை நாமாக நிறுத்தவும் கூடாது, எதுவும் தெரியாமல் தொடரவும் கூடாது. அன்றைக்கே இதய மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இழந்த நீரை எப்படித் திருப்பித் தருவது என்ற கேள்விக்கு நம் பக்கத்து மண்ணில் கிடைத்த விடை பெரியது. நெடுங்காலம் மருத்துவ உலகம் நம்பியது, கடும் பேதியில் குடல் எதையும் உறிஞ்சாது, நரம்பில் ஊசி வழியேதான் நீர் ஏற்ற வேண்டும் என்று. 1960-இல் பிராக் நகரில் நடந்த கருத்தரங்கில் ராபர்ட் கிரேன் ஒரு விளக்கத்தை முன்வைத்தார். சிறுகுடலின் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே நுழையும் வாசல் ஒன்று இருக்கிறது; ஒன்று இல்லாமல் மற்றது அதில் நுழையாது. இரண்டும் உள்ளே போனால் பின்னாலேயே நீர் போகும். காலரா நஞ்சு குடலை நீர் கக்க வைக்கும்போதும் அந்த வாசல் பழுதாவதில்லை. 1968-இல் டாக்காவில் டேவிட் நளினும் ரிச்சர்ட் கேஷும் காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலை வாய்வழியே கொடுத்து, ஊசிநீரின் தேவை வெகுவாகக் குறைவதைக் காட்டினார்கள்.

1971-இல் வங்காளதேசப் போர். இந்தியப் பக்கம் எல்லையை ஒட்டிய பன்காவ்ன் ஊர் முகாமில் அகதிகளுக்கிடையே காலரா. ஊசிநீர் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே பொறுப்பிலிருந்த மருத்துவர் திலீப் மஹலனாபிஸ், உப்பும் சோடா உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலைக் குழாய் வைத்த பீப்பாய்களில் நிரப்பினார். நோயாளியின் சொந்தக்காரர்கள் குவளையில் பிடித்துவந்து புகட்டினார்கள். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு 4 சதவீதத்துக்குக் கீழே வந்தது. கரைசலின் சேர்மானம் எவ்வளவு முக்கியமோ, அதைக் கொடுத்த கைகளும் அவ்வளவு முக்கியம் என்று எனக்குப் படுகிறது. சிகிச்சையைச் செவிலியர் கையிலிருந்து தாய், அத்தை, பாட்டி கைக்கு மாற்றியவர் மஹலனாபிஸ். அடுத்த பத்தாண்டில் வங்காளதேசத்தின் பிராக் (BRAC) என்ற தொண்டு அமைப்பு வீடு வீடாகப் பெண்களை அனுப்பி, மூன்று விரலால் எடுத்த உப்பும் ஒரு கைப்பிடி வெல்லமும் கொண்டு கரைசல் செய்யக் கற்றுக்கொடுத்தது. ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகள்.

அந்தக் கரைசலின் இப்போதைய வடிவமான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். இந்த விகிதத்தில்தான் அந்த வாசல் நன்றாகத் திறக்கும். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு ஐந்து மடங்காகி மூளையைத் தாக்கும். இரண்டு லிட்டரில் கரைத்தால் உப்பு போதாது. 200 மில்லிக்கான சிறு பொட்டலங்களும் கடையில் கிடைப்பதால், அளவை ஒவ்வொரு முறையும் உறையில் படித்துவிட்டே கரைக்க வேண்டும். நலிந்த குழந்தைக்கு உப்பையும் வெல்லத்தையும் கைக்கணக்கில் போட்டுக் கரைப்பதை நான் ஏற்கமாட்டேன். பொட்டலம் கிடைக்காத காலத்தின் ஏற்பாடு அது. அதேபோல் அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் பல, ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளோடு மருந்துக்கடையிலேயே விற்கப்பட்டன. சர்க்கரை மிகுந்த பானம் குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பயனாக, 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பானங்களுக்கு வைப்பதைத் தடுத்தது.

கொடுக்கும் விதம்தான் வீடுகளில் தவறிப்போகிறது. “குடிச்சதெல்லாம் கக்கிடுது டாக்டர், ஒண்ணும் தங்கல” என்பார்கள். விசாரித்தால் பாட்டிலோடு கொடுத்திருப்பார்கள். தாகத்தில் குழந்தை மடமடவென்று குடித்திருக்கும். நிறைந்த இரைப்பை திருப்பித் தள்ளியிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி, நடுத்தர நீரிழப்புக்குக் கிலோவுக்கு 75 மில்லி, நான்கு மணி நேரத்தில். நாலு கிலோக் குழந்தைக்கு 300 மில்லி. அதாவது 60 தேக்கரண்டி. 240 நிமிடத்தை 60-ஆல் வகுத்தால், நாலு நிமிடத்துக்கு ஒரு கரண்டி. இந்தச் சிகிச்சையைச் சுகாதார நிலையத்தின் கண்காணிப்பில் செய்யச் சொல்கிறார்கள். ஆனால் அந்த வேகம் மனதில் பதியட்டும்: ஒரு கரண்டி, பிறகு நாலு நிமிடம். வாந்தி வந்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக. கரண்டிக்குப் பதிலாகப் பாலாடையில் புகட்டலாம். 1999-இல் வந்த ஓர் ஆய்வில், பச்சிளங் குழந்தைகள் பாட்டிலையும் கோப்பையையும்விடப் பாலாடையில்தான் குறைந்த நேரத்தில் அதிகம் குடித்தன. நீரில் கொதிக்கவைத்துச் சுத்தமாக்கிய பாலாடை, நிமிர்த்திப் பிடித்த தலை, அவசரமில்லாத கை. ஊற்றுகிற வேகம் விழுங்குகிற வேகத்தை மீறினால் புரையேறும். தாய்ப்பாலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக் கூடாது. அதில் 87 சதவீதம் நீர்தான். பேதிக்குப் பால் ஆகாது என்று வயிற்றைக் காயப்போடும் பழக்கத்தால் எத்தனையோ குழந்தைகள் வறண்டு போயிருக்கின்றன.

குறைவதற்குப் பயந்து கூட்டிவிடுவதும் ஆபத்தே. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு வெறும் தண்ணீரைத் தொடர்ந்து கொடுத்தால் இரத்தத்தின் சோடியம் நீர்த்து, மூளை வீங்கி, வலிப்பு வரலாம். பவுடர் பாலைச் சிக்கனத்துக்காகத் தண்ணியாகக் கரைப்பதும் அதே பாதைதான். மூச்சுக்குழல் சளிநோயிலும் நிமோனியாவிலும் உடல் தானாகவே நீரைப் பிடித்துவைக்கும் ஹார்மோனைச் சுரக்கும். அப்போது உப்பில்லாத நீர் இன்னும் மோசம். கடுமையாக மெலிந்த குழந்தையின் இதயம் திடீர் நீர்ச்சுமையைத் தாங்காது. அதற்காகவே சோடியம் குறைந்த, பொட்டாசியம் கூடிய ரெசோமால் என்ற தனிக் கரைசலை மருத்துவமனையில் வைத்திருக்கிறார்கள். அந்தக் குழந்தையிடம் கண் குழிந்திருப்பதும், கிள்ளிய தோல் மெதுவாகப் படிவதும் வழக்கமான நிலை. வற்றியதன் அடையாளமாக அவற்றை எடுத்துக்கொள்ள முடியாது.

மூக்குக் குழாயிலோ வயிற்றுத் துளைக் குழாயிலோ பால் போகும் குழந்தையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மற்றக் குழந்தை தாகம் எடுத்தால் அழும், கூடுதலாகக் குடிக்கும். குழாய்வழிப் பால் குடிக்கும் குழந்தைக்கு அளவு சீட்டில் எழுதியது: மூன்று மணிக்கொரு தடவை இத்தனை மில்லி. காய்ச்சல் வந்தாலும் சீட்டு மாறாது. அந்தக் குழந்தையின் தாகத்தை வேறொருவர்தான் உணர வேண்டும், அது தாயாகவே இருக்கும். எடை கூடட்டும் என்று பாலைக் கெட்டியாக்கித் தரச் சொல்லியிருந்தால், அதே மில்லியில் நீர் குறைவாகப் போகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கழுத்தில் துளையிட்டு மூச்சுவிடும் குழந்தைக்குக் காற்றை ஈரப்படுத்தும் மூக்கின் வேலை நடப்பதில்லை; ஈரம் சேர்க்கும் செயற்கை மூக்கு கழன்றுவிட்டால் மூச்சிலேயே நீர் போகும், சளியும் கல்லாக இறுகும். காய்ச்சல் நாளில் எவ்வளவு கூட்டுவது, எந்தக் கரைசலில் கூட்டுவது என்பதை வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. நள்ளிரவில் யோசிக்கிற கேள்வி அல்ல அது.

சளிக்காலத்தில், மூக்கடைத்த குழந்தை குடிக்கத் திணறும். கைக்குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சுவிடும். மூச்சா பாலா என்று வரும்போது பாலை விட்டுவிடும். பால் கொடுக்குமுன் உப்புநீர்ச் சொட்டுவிட்டு மூக்கைச் சுத்தம் செய்து, வழக்கமான அளவைப் பாதியாக்கி இரண்டு மடங்கு தடவை கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். வழக்கத்தில் முக்கால் பங்குக்குக் கீழே இறங்கினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்கிறது இங்கிலாந்தின் வழிகாட்டி. நலிந்த குழந்தைக்கு அந்த எல்லைவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

இனி அளப்பது. கைக்குழந்தையின் சதையும் கொழுப்பும் ஒரு நாளில் இருபது முப்பது கிராம்தான் கூடும். ஆகவே ஒரே நாளில் நூறு கிராம் இறங்கினாலும் ஏறினாலும் அது நீர். இறங்கினால் வறட்சி, இதயநோய்க் குழந்தைக்கு ஏறினால் உடலில் நீர் தேங்குகிறது. தினமும் ஒரே நேரத்தில், பால் கொடுக்குமுன், துணியும் டயப்பரும் இல்லாமல், சமமான தரையில் வைத்த அதே தராசில் எடைபோட வேண்டும். அங்கன்வாடிகளில் நெடுங்காலமாகத் தொங்கும் தராசுகள் 100 கிராம் கோடுகள் கொண்டவை. மாத வளர்ச்சியைப் பார்க்க அவை போதும், இந்த வேலைக்கு 10 கிராமோ அதற்கும் நுட்பமாகவோ காட்டும் டிஜிட்டல் தராசு வேண்டும். நலிந்த குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு மருத்துவமனையும் அப்படி ஒன்றை இரவலாகக் கொடுத்தனுப்பினால் நம் நாட்டிலும் பல குழந்தைகள் பிழைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

சிறுநீரையும் அளக்கலாம். ஒரு கிலோவுக்கு மணிக்கு ஒன்று முதல் இரண்டு மில்லி என்பது இயல்பு. நாலு கிலோக் குழந்தைக்கு நாள் முழுதும் 100 முதல் 200 மில்லி. உலர்ந்த டயப்பரின் எடையை ஈர டயப்பரின் எடையிலிருந்து கழித்தால் வரும் கிராமே மில்லி. இன்றைய டயப்பர்கள் ஈரத்தை உறிஞ்சி மறைத்துவிடுகின்றன. உள்ளே ஒரு பஞ்சை வைத்தால் நனைந்ததா என்று தெரியும். பாட்டிகளின் பருத்தித்துணி இந்த விஷயத்தில் நம்பகமானது. தண்ணிப் பேதி அதில் கலந்துவிட்டால் கணக்குக் குழம்பும். அப்போது தராசையே நம்ப வேண்டும்.

உச்சிக்குழி பள்ளமாவது, அழுதால் கண்ணீர் வராதது, வாய் ஒட்டுவது, ஆறேழு மணி நேரமாக மூத்திரம் போகாதது, இவை எல்லாமே வற்றுவதன் அடையாளங்கள். குழந்தை துவண்டு கிடக்கிறது, எழுப்பினாலும் விழிக்கவில்லை, குடிக்கவே இல்லை, பச்சையாக வாந்தி எடுக்கிறது, மலத்தில் இரத்தம், கைகால் சில்லிட்டிருக்கிறது, மூச்சு வேகமாகி விலா உள்ளிழுக்கிறது, வலிப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். இதயநோய், சிறுநீரகநோய், குறைமாதம், குழாய்வழி உணவு என்று ஏற்கெனவே ஏதாவது இருக்கும் குழந்தைக்கு முதல் பேதியிலேயே, முதல் பால் தவறியதிலேயே தன் மருத்துவரிடம் சொல்லிவிடுவது முறை. போகும்போது நோட்டை எடுத்துச் செல்லுங்கள். நேற்றைய எடை, இன்றைய எடை, கடைசியாகச் சிறுநீர் போன நேரம், இன்று உள்ளே போன மில்லி, கொடுத்துவரும் மருந்துகளின் பெயரும் அளவும் அதில் இருந்தால், அவசரப் பிரிவில் குழந்தையை முதன்முறையாகப் பார்க்கிற இளம் மருத்துவரால், எவ்வளவு நீரை எவ்வளவு வேகத்தில் ஏற்றுவது என்பதைச் சில நிமிடங்களுக்குள் கணக்கிட முடியும்.